அரசு வங்கி என்றால் நொடிக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியார் வங்கிதான் திவாலாகும், அரசோ நகரசபையோ நடத்தும் வங்கியில் போட்ட பணத்துக்குப் பயமே இல்லை என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம் வட்டாரத்துச் சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டியே தலை நரைத்தது. அதனால் இந்தக் கருத்தைச் சும்மா விட மனம் வரவில்லை.

ஐரோப்பாவில் அரசின் பெயரால் நடந்த வங்கிகள் பல நொடித்திருக்கின்றன. வெனிஸ் அரசு 1619இல் தொடங்கிய பாங்கோ தெல் ஜிரோ, கிரீட் தீவுக்காகத் துருக்கியரோடு நடந்த போரின்போது அரசின் கடன்களைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, 1648இல் ரொக்கம் தர முடியாமல் கையை விரித்தது. ஸ்டாக்ஹோமில் மன்னரின் அனுமதியோடு நடந்த வங்கி 1661இல் ஐரோப்பாவின் முதல் காகித நோட்டுகளை வெளியிட்டது. அளவு மீறிக் கொடுத்ததில் 1664இலேயே நோட்டுக்கு ஈடு தர வழியில்லை. அதை நடத்திய பால்ம்ஸ்ட்ரக்குக்கு மரண தண்டனை விதித்து, அப்புறம் குறைத்தார்கள்.

தணிக்கைக்காரனான எனக்கு ஆம்ஸ்டர்டாம் வங்கிதான் முக்கியம். 1609இல் நகரசபை தொடங்கியது. வந்த நாணயத்தைப் பெட்டகத்தில் வைத்து, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்றித் தருவதுதான் அதன் வேலை, கடன் கொடுப்பதல்ல. 600 கில்டரும் (அந்நாட்டு நாணயம்) அதற்கு மேலும் உள்ள உண்டியல்கள், அதாவது வியாபாரிகள் பணத்துக்குப் பதில் எழுதித் தரும் சீட்டுகள், அதன் வழியாகத்தான் தீர வேண்டும் என்று விதி. 1672இல் பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் நுழைந்தபோது ஊரே பணம் கேட்டு வந்து நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் எண்ணிக் கொடுத்தார்கள். அந்த நல்ல பெயரிலேயே நூறு வருடத்துக்கு மேல் ஓடியது.

சரி, தணிக்கை எப்படி? நான்கு மேயர்கள் வருடாவருடம் மாறுவார்கள். புதிதாக வருகிறவர்கள் பெட்டகத்தைப் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, சத்தியம் செய்து பொறுப்பேற்பார்கள். 1776இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தே இதை மெச்சி எழுதினார். ஆனால் கடன் கொடுக்காத வங்கி என்று பெயரெடுத்த அதிலிருந்தே ரகசியமாகக் கடன் வாங்கியது யார்? அதே நகரசபையும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும். மேயர் குடும்பங்களும் கம்பெனி இயக்குநர் குடும்பங்களும் ஒன்றுக்குள் ஒன்று. கடன் வாங்கியவரே வந்து இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் தணிக்கையா?

அந்தக் கம்பெனி வேறு யாருமில்லை, 1658 முதல் தூத்துக்குடியில் உட்கார்ந்து நம் பக்கத்துத் துணியையும் முத்தையும் சங்கையும் கப்பலேற்றிய ஒல்லாந்தர்தான். கப்பல் வந்ததும் அடைப்பதாகச் சொல்லிக் குறுகிய காலக் கடன் வாங்குவது அவர்கள் வழக்கம். 1780இல் இங்கிலாந்தோடு போர் மூண்டது. கப்பல்கள் பிடிபட்டன, கடன் அப்படியே நின்றது, மேலும் கொடுத்தார்கள். 1790இல், இனி வெள்ளியை 10 சதவீதம் குறைத்துத்தான் தருவோம் என்றது வங்கி. 1795இல் பிரெஞ்சுப் படை வந்து ஆட்சி மாறிய பிறகே உள்ளே நடந்தது ஊருக்குத் தெரிந்தது. 1819இல் மூடினார்கள்.

இனி நம் கதை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் வைப்புக்கு, வங்கி வைப்புகளுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு கிடையாது. எங்கள் பக்கம் இது பலருக்குத் தெரியாது. சர்க்கார் சங்கம் என்ற நம்பிக்கையில் மகள் கல்யாணப் பணத்தைப் போட்டுவைக்கிறார்கள். 2021இல் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனை மாநில அரசு தள்ளுபடி செய்தது. விவசாயிக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட தள்ளுபடியில் சங்கங்களுக்கு அரசு தர வேண்டிய பணம் தவணை தவணையாகத்தான் கிடைக்கும். அதுவரை ஐந்தொகையில் (சங்கத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில்) சொத்துப் பக்கம் அது ஒரு வரி. பொதுப்பேரவையில் யார் அந்த வரியைப் படிக்கிறார்கள்? டீயும் வடையும் வந்ததும் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது.

அரசு கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு, நிர்வாகக் குழுவினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கொடுத்த கடன் எவ்வளவு, இந்த இரண்டையும் ஒவ்வொரு சங்கமும் மாதாமாதம் வாசல் பலகையில் எழுதிவைக்கக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் உத்தரவிட வேண்டும். ஆகப்போவது சாக்பீஸ் செலவுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
வீரவநல்லூர்.