சேவலுக்கும் ஓர் அடைப்பு வேண்டும்: கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கும் கால்நடை உதவி மருத்துவர்களுக்கும் வணக்கம்.

காங்கேயம் வட்டாரத்தில் பெருவிடை, சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகைகளைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். 250 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொண்ட சிறு பண்ணைக்கு 50 விழுக்காடு மானியம் தரும் உங்கள் திட்டத்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் சொந்தக் கையிருப்போடு நிற்கிறார்கள் என்பதை நன்றியோடு சொல்லிவிட்டே என் கோரிக்கைக்கு வருகிறேன். அந்தத் திட்டத்தின் கொட்டகைக்கும் பயிற்சிக்கும் உள்ளே சேவலுக்கென்று தனி அடைப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

ஆண், பெண் பிரிக்காமல் வாங்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகத்தான் இருக்கும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்பது வளர்ப்பவர் அனைவரும் அறிந்தது. அப்படியானால் 250 குஞ்சில் நூற்றுக்கு மேற்பட்ட சேவல்கள் விற்பனைக்குத் தேறும் வரை எங்கே இருக்கும்? கொண்டை சிவந்து கூவத் தொடங்கியதுமே ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கின்றன. பெட்டைகளின் முதுகில் இறகு நிற்பதில்லை. வேறு வழி தெரியாமல் நல்ல சேவல்களைப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைக்கிறார்கள், அல்லது காலில் கயிறு கட்டி முளைக்குச்சியில் விட்டுவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு தெருநாய்கள் எங்கள் தோட்டத்துக்குள் புகுந்தன. அடைப்புக்குள் மூன்று சேவல்கள், வேப்பமரத்தடியில் கட்டிப்போட்ட ஒன்று. அடைப்பின் சவுக்குக் கால்கள் மேலே பார்க்கத் திடமாகத்தான் இருந்தன. மண்மட்டத்தில் கறையான் உள்ளே அரித்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. நாய்கள் மோதியதில் ஒரு கால் முறிந்து வலை சாய்ந்தது. இரண்டு சேவல்கள் பறந்து வேம்பில் ஏறித் தப்பின. ஒன்று உள்ளேயே மாட்டிக்கொண்டது. விடியலில் கட்டிப்போட்டதைப் போய்ப் பார்த்தேன். கயிறு முளையைச் சுற்றிச் சுற்றிச் சாண் நீளமாகக் குறுகியிருந்தது. அந்தச் சாண் அகலத்துக்கு மண் கிளறி, இறகு வட்டமாகக் கிடந்தது. கட்டாமல் விட்டிருந்தால் அதுவும் மரமேறியிருக்கும். அன்றிலிருந்து எந்தச் சேவலின் காலிலும் நான் கயிறு கட்டியதில்லை.

போதிய அளவில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதையும், மிகக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதையும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் குற்றம் என்கிறது. மாட்டுக்கு மட்டும் உரியது அந்தப் பிரிவு என்றுதான் ஊரில் பலர் நினைக்கிறார்கள். பயிற்சி நாளில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அது ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

அதன்பின் நான் கட்டிய அடைப்பு இன்றுவரை அசையவில்லை. எட்டடிக் கல்கால்களை இரண்டடி ஆழத்தில் நட்டேன். எங்கள் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை, கிடைக்காத ஊர்களில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை (ஜி.ஐ.) கான்கிரீட்டில் ஊன்றலாம். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர். அதற்கு மேல் ஓரங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை. கடையில் கோழிவலை என்று தரும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. வலையைக் கால்களின் வெளிப்புறம் வைத்துக் கட்ட வேண்டும்; அப்போதுதான் நாய் மோதும்போது பாரம் கல்லின் மேல் விழும், உள்புறம் கட்டினால் கட்டுக்கம்பிதான் அந்த அடியைத் தாங்க வேண்டும். கீரி சுவரை ஒட்டித்தான் பறிக்கும் என்பதால், சுவருக்கு வெளியே ஓரடி அகலத்துக்கு வலையைப் படுக்கையாக விரித்து மண்ணால் மூடினேன். மரநாயும் வெருகுப் பூனையும் மேலிருந்து இறங்குபவை. ஆகவே கூரையின் கீழும் வலை உண்டு.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் சித்திரை வெயில் உள்ளே நேராக விழாது. கூரைக்குத் தகரம் போட்டாலும் அதன் மேல் தென்னங்கீற்று வேய்வது சேவலின் உயிரைக் காக்கும். ஒவ்வொரு சேவலுக்கும் தனி அறை வேண்டும், அறைகளுக்கு நடுவே இரண்டடி உயரத்துக்காவது ஒன்றையொன்று பார்க்க முடியாத மறைப்பும் வேண்டும். வெறும் வலை இருந்தால் கம்பி வழியே கொத்தியே கொண்டையையும் அலகையும் கெடுத்துக்கொள்ளும். படுக்கைக் கம்பை முழங்கால் உயரத்தில், உருட்டாக இழைத்து வைக்க வேண்டும். உயரத்திலிருந்து கடுந்தரையில் குதிக்கும் கனத்த சேவலுக்கு உள்ளங்காலில் கட்டி வரும்.

கட்டுவதைவிடப் பேணுவதில்தான் நாங்கள் தவறுகிறோம். ஈரமான உமியை அன்றன்றே அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போட வேண்டும். மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி இருந்தால் சேவல் தானே புரண்டு, உடலில் ஒட்டும் சிறு பூச்சியான செள்ளைக் குறைத்துக்கொள்ளும். கம்பின் வெடிப்புகளில்தான் செள் பகலில் ஒளியும் என்பதால் மாதம் ஒருமுறை கம்பைக் கழற்றி வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவைக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் வலையின் அடிவரிசையை விரலால் அழுத்திப் பார்த்து, துருவேறி உதிரும் இடத்தை உடனே மாற்றுகிறேன்.

உங்களிடம் கேட்பது இவைதான். பண்ணைக்குக் கேட்கும் 625 சதுர அடியிலேயே சேவலுக்கென ஒரு பகுதியைக் காட்டும் மாதிரி வரைபடம் ஒன்றை அச்சிட்டுத் தாருங்கள். மானியக் கணக்கில் வெல்டு மெஷ்ஷுக்கும் அடிச்சுவருக்கும் இடம் கொடுங்கள். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசிக்காக ஊருக்கு வரும்போது, ஊசி போட்ட கையோடு அடைப்பின் கால்களையும் ஒருமுறை அசைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். மருத்துவர் சொன்னார் என்றால் எங்கள் ஊரில் அன்று மாலையே கடப்பாரை எடுப்பார்கள். மாதிரி அடைப்பு ஒன்றைப் பார்க்க விரும்பினால் என் தோட்டத்துக்கு எந்த நாளும் வரலாம். அளவெடுக்க நாடாவும் ஆளும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
காங்கேயம் வட்டாரத்துக் கோழி வளர்ப்பவன்