சீட்டுக் கொப்பி

அன்பின் வசந்தி,

அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இப்போது படலையில் யார் நின்றாலும் விறாந்தையிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

காசுக்கு என்ன செய்தாய் என்று கேட்டிருந்தாய். சீட்டுத்தான். குலுக்கலில் விழுந்தது எனக்கல்ல, ஒழுங்கை முனையில் தைக்கிற அக்காவுக்கு. துண்டைப் பிரித்துப் பார்த்தவர், "எனக்கு அவசரமில்லைப் பிள்ளை, கொம்மான்ர கண்ணைப் பார்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். சீட்டை நடத்துகிற தாச்சி கொப்பியில் அவர் பெயரை வெட்டி என் பெயரை எழுதினார். பிணையும் இல்லை, வட்டியும் இல்லை.

அதே அக்கா முன்பு ஒரு நுண்கடன் கம்பனியிடம் பட்டபாடு தெரியுமா? அங்கேயும் இதே ஒழுங்கைப் பெண்கள்தான். ஐந்து பேர், ஒருவருக்கு மற்றவர்கள் பிணை. அக்கா ஒரு கிழமை கட்டத் தவறினார். காசு கேட்டு வந்தவன் இருட்டிய பிறகும் விறாந்தையை விட்டு எழும்பவில்லை. மற்ற நாலு பேருக்கும் அவன் மேல் வராத கோபம் அக்கா மேல் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தபோது, அவர் நகையை விற்றுக் கட்டி முடித்திருந்தார். அந்த நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் அவரோடு கதைப்பதில்லை.

மனிதன் லாபம் பார்த்துத்தான் நடப்பான் என்று உயர்தரத்தில் பொருளியலுக்கு எழுதினோமே. 2000இல் ஜோர்ஜ் அக்கர்லொவ், ரேச்சல் கிரான்டன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 'நான் யார்' என்கிற உணர்வையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். தன்னை எப்படிப்பட்டவளாக நினைக்கிறாளோ அதற்கு மாறாக நடப்பதும் ஒருத்திக்கு நட்டம்தான். அக்கா முறையை விட்டுத் தந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். கம்பனிக்கும் இது தெரிந்திருக்கிறது. அவரின் வெட்கத்தையே ஈடாக வைத்துக்கொண்டது.

ஆனால் மனதை அறுக்கிற ஒன்று உண்டு. எங்கள் சீட்டில் இருபது பேரும் ஒரே சாதி ஆட்கள். குளத்துக்கு அந்தப் பக்கத்தவர் ஒருவரும் இல்லை. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாமல் மாவிட்டபுரம் கோயில் வாசலை மறித்தவர்களும் தங்களுக்குள் நன்றாக நம்பிக்கை உள்ளவர்கள்தானே, வசந்தி. எங்கள் தோட்டத்துக்கு வெங்காயம் கிண்ட வருகிறவரைச் சேர்ப்போமா என்று கேட்டேன். தாச்சி பேசாமல் கொப்பியை மூடினார்.

விடப்போவதில்லை. தையல் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் கேட்டால் தாச்சி தட்டமாட்டார். தையில் புதுச் சீட்டு தொடங்குகிறது. நீயும் அப்போது வந்து நிற்பாய்தானே?

அன்புடன்,
கலா