கோட்டை மான்களின் பெருக்கத்துக்குச் சிறுத்தையின்மை மட்டுமா காரணம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் திருகோணமலை நகரத்துப் புள்ளிமான்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், அவற்றைத் தின்னச் சிறுத்தை இல்லாததால் அவை வரம்பின்றிப் பெருகிவிட்டன என்று ஒரு வரி இருந்தது. உயர்தர மாணவர்களுக்கு நெடுங்காலம் உயிரியல் கற்பித்த எனக்கு அந்த வரி மிகுந்த வேதனையைத் தந்தது. இரைகௌவல், அதாவது ஒரு விலங்கு இன்னொன்றைப் பிடித்துத் தின்பது, ஒரு குடித்தொகையைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மை. அது மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது உண்மையன்று. இதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

கனடாவின் யூக்கோன் பகுதியில் சூழலியலாளர் சார்ல்ஸ் கிரெப்ஸ் குழுவினர் பனிமுயல்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1995இல் வெளிவந்தது. எதுவும் செய்யாது விட்ட நிலத்தோடு ஒப்பிடுகையில், இரைகௌவும் பாலூட்டிகளை வேலியிட்டுத் தடுத்த நிலத்தில் முயல்கள் ஏறத்தாழ 2 மடங்காகவும், மேலதிக உணவிட்ட நிலத்தில் 3 மடங்காகவும், இரண்டையும் ஒருங்கே செய்த நிலத்தில் 11 மடங்காகவும் இருந்தன. உணவையும் இரைகௌவியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த மான்கள் வாழும் எங்கள் நகரத்துப் பிரெட்றிக் கோட்டையில் நடப்பதும் அதுவே. வாடைமழை ஓய்ந்து கச்சான் வீசத் தொடங்கியதும் புல் கருகிவிடுகிறது. மிஞ்சியதற்கு மான்கள் தமக்குள்ளும், கட்டாக்காலி மாடுகளோடும் ஆடுகளோடும் போட்டியிடுகின்றன. தோற்றவை குப்பை மேட்டுக்குப் போய்ப் பொலித்தீனைத் தின்கின்றன. குட்டிகளை நாய்கள் துரத்திக் கடிப்பதை நானே பலமுறை விரட்டித் தடுத்திருக்கிறேன். சிறுத்தை இல்லாத ஊரில் இரைகௌவியே இல்லை என்று எழுதியவர் ஒரு மாலை இங்கு வந்து நின்றிருக்கலாம்.

இது முதல் தடவையும் அன்று. முன்பொருமுறை, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலையின் பவளப்பாறைகளைப் பற்றி எழுதியபோதும் பவளங்களைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீனைக் கொலைகாரன் என்று தலைப்பிட்டீர்கள். அதைத் தின்னும் டிரைட்டன் என்ற பெருஞ்சங்கை அலங்காரப் பொருளாகக் கடைகளில் விற்பதை நான் கண்டிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த நட்சத்திர மீன் சிறு எண்ணிக்கையில் இருக்கும்போது விரைந்து வளரும் பவளங்களைத் தின்று, மெதுவாக வளர்பவற்றுக்கு இடம் விடுகிறது. அளவு மீறிப் பெருகும்போதுதான் பாறையே அழிகிறது. அமெரிக்கக் கரையில் சூழலியலாளர் ரொபர்ட் பெயின் மட்டிகளைத் தின்னும் வேறொரு நட்சத்திர மீனை அகற்றியபோது, மட்டிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, 15 இனங்கள் 8ஆகக் குறைந்ததை 1966இல் எழுதினார். இவற்றையெல்லாம் அன்று விரிவாக எழுதி அனுப்பினேன். தாங்கள் அதை இரண்டு வரியாகச் சுருக்கி வெளியிட்டீர்கள். அந்த இரண்டு வரியில் சங்கும் இல்லை, போட்டியும் இல்லை.

தங்கள் பத்திரிகையை மாணவர்கள் நம்பிப் படிக்கிறார்கள். பரீட்சையில் அவர்கள் எழுதும் தவறான விடைக்குத் தங்கள் பக்கம் ஆதாரமாக இருப்பதை நான் விரும்பவில்லை. ஆகவே அடுத்த ஞாயிறு இதழில், மான்களின் எண்ணிக்கையை உணவும் போட்டியும் நாய்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று ஒரு சிறிய திருத்தம் வெளியிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
திருகோணமலை.