எங்கள் வீட்டுச் சாப்பாடு பாப்பாவுக்கும் கிடைக்க வழிசெய்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

எங்கள் மகள் இப்போது நாங்கள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறாள். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் போகிறது, ஆனால் அதே சோறு, அதே பருப்பு, அதே கீரை. இதற்குக் கைகொடுத்த உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் ஆசை. மும்பையில் செம்பூர், பரேல், மாட்டுங்கா, தாராவி என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

பாப்பாவுக்கு மூளை முடக்குவாதம். விழுங்குவது நுரையீரலுக்குள் போய் அடிக்கடி நிமோனியா வந்ததால் வயிற்றில் குழாய் வைத்தார்கள். எதுக்களிக்காமல் இருக்க, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைக்கும் ஃபண்டோபிளிகேஷன் அறுவையும் சேர்த்துச் செய்தார்கள். அதன்பின் வாந்தி நின்றது, ஓங்கரிப்பு பிடித்துக்கொண்டது. பவுடர் பால் உள்ளே போனதும் முகம் சிவந்து, வேர்த்து, உடம்பே முறுக்கிக்கொள்ளும். வாந்தியாக வெளியே வரவும் வழியில்லை. ஓரிடத்தில் காட்டியபோது, “போகப் போகப் பழகிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பரேலில் பார்த்த டயட்டீஷியன் அம்மா, நீங்கள் அப்படி அனுப்பவில்லை. “வீட்டில் என்ன சமைக்கிறீர்கள்?” என்று கேட்டீர்கள். அதுவரை எந்த மருத்துவமனையிலும் எங்கள் அடுப்படியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இந்த அறுவை செய்த 33 குழந்தைகளுக்கு அமெரிக்காவின் சின்சினாட்டியில் அரைத்த உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்ததையும், அதில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஓங்கரிப்பு முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததாகப் பெற்றோர் சொன்னதையும் எடுத்துச் சொன்னீர்கள். ஆனால் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. குழாய் இரைப்பையில்தான் முடிகிறதா, சிறுகுடலுக்குப் போகிறதா என்று ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தீர்கள். சிறுகுடலுக்குப் போகும் குழாய் என்றால் வீட்டு உணவு கூடாது என்றீர்கள். குழாயின் பருமன் 14 பிரெஞ்சுக்கு (குழாய்ப் பருமனைச் சொல்லும் அளவு அது) குறையாமல் இருக்கிறதா, துளை நன்றாக ஆறிவிட்டதா என்று பார்த்தீர்கள். எடை போட்டீர்கள். பவுடரை ஒரே நாளில் நிறுத்தாமல், ஒரு வேளையை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னீர்கள். நீங்கள் காட்டிய அந்த நிதானத்தால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

தண்ணீர் ஊற்றி அரைத்தால் வயிறுதான் நிறையும், பிள்ளை எடை ஏறாது என்று நீங்கள் சொன்னதை இன்றும் தினமும் நினைத்துக்கொள்கிறேன். பாலோ பருப்புத் தண்ணீரோ விட்டு அரைக்க வேண்டும். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி வருகிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். குறைந்தால் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், அதிலேயே 45 கலோரி அளவுக்குக் கிடைத்துவிடும். நெய் ஆறினால் குழாயில் உறையும், எண்ணெய் உறையாது. இத்தனையும் நீங்கள் உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது.

நர்ஸ் சிஸ்டர், நாகர்கோவில் தமிழில் நீங்கள் பேசியதே எனக்குப் பாதிப் பயத்தைப் போக்கியது. சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து அது தானாக இறங்க விடுவது, முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது, அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகத் தள்ளி இழுப்பது, எக்காரணம் கொண்டும் கம்பியை உள்ளே விடாமல் இருப்பது. எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அரைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, ஃபிரிட்ஜில் ஒரு நாளைத் தாண்டக்கூடாது என்பதில் நீங்கள் காட்டிய கண்டிப்புக்கும் நன்றி. மும்பை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு: எங்கள் வீட்டு 750 வாட் மிக்ஸியே போதும், வெளிநாட்டு பிளெண்டருக்குக் காசைக் கொட்டாதே தங்கச்சி என்று சொன்னவர் நீங்கள். பிளேடை மாற்றி, பாப்பாவுக்கென்று ஒரு ஜாரைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்தீர்கள். அடியில் வாஷருக்குள் எவ்வளவு சோறு தங்குகிறது என்று பிரித்துக் காட்டினீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றிலிருந்து அதைக் கழற்றி வெந்நீரில் கழுவாமல் வைப்பதில்லை. வாஷர் தேய்வதற்கு முன்னாலேயே புதிதாக ஒன்றைக் கொடுத்தனுப்புகிறீர்கள், பணம் மட்டும் வாங்குவதில்லை. இந்த ஊரில் சொந்தக்காரர்கள்கூட இப்படி இருக்க மாட்டார்கள்.

அத்தை, உங்களுக்கு மடலில் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். சோறு அரைத்தால் ஆற ஆற இறுகுகிறது, தளர்த்தத் தண்ணீர் விட்டால் சத்துக் குறைகிறது என்று நான் திண்டாடியபோது, முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு மாவைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தீர்கள். சூடான கூழில் ஒரு ஸ்பூன் கலந்ததும் கொஞ்ச நேரத்தில் நீராகத் தளர்ந்தது. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறதாம், டயட்டீஷியன் அம்மா விளக்கினார். தளர்ந்தபின் இன்னொரு கொதி விட்டுக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். உங்கள் மாமியார் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிய முறை இன்று உங்கள் பேத்திக்குப் பயன்படுகிறது.

மாட்டுங்கா மார்க்கெட் கீரைக்கார அக்கா, நார் இல்லாத இளங்கீரையாகப் பார்த்து எடுத்து வைப்பதற்கு நன்றி. பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாப்பாவை மற்ற பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்காரவைக்கும் டீச்சருக்கும் ஆயாவுக்கும் மனமார்ந்த நன்றி.

மூன்றாம் மாடி மாமியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்வேன். மாமி, எங்களுக்குச் சாம்பார் கொடுத்தனுப்பினால் கூடவே ஒரு சின்னக் கிண்ணமும் வரும். தாளிப்பதற்கு முன்னால் பாப்பாவுக்கென்று எடுத்து வைத்தது. கடுகு ஒன்று உள்ளே போனாலும் குழாய் அடைத்துக்கொள்ளலாம் என்று என்றோ நான் பேச்சுவாக்கில் சொன்னேன். அதை நீங்கள் மறக்கவே இல்லை. கொழுக்கட்டையானாலும் புளி இல்லாத கூட்டானாலும் அவள் பங்கு தனியாக வந்துவிடும். குழாயில் சாப்பிடும் பிள்ளைக்குப் பலகாரம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. உங்கள் வீட்டுத் தாளிப்பு வாசனை வந்தால் அவள் தலையைத் திருப்பிப் பார்க்கிறாள், தெரியுமா?

செட்டா நகர் முருகன் கோயிலில் அவளைச் சக்கர நாற்காலியோடு 108 படியும் தூக்கிச் சென்ற தம்பிகளே, உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று கொடுத்த பஞ்சாமிர்தத்தைப் பாலில் கரைத்து, டீ வடிகட்டியில் இரண்டு முறை வடித்து அவளுக்கும் கொடுத்தேன். ஓங்கரிப்பே இல்லை. அப்படியே தூங்கிவிட்டாள்.

பவுடர் இன்னும் வீட்டில் இருக்கிறது. நீண்ட ரயில் பயணத்துக்கும் காய்ச்சல் நாட்களுக்கும் அது வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாப்பா எடை ஏறியிருக்கிறாள், மலச்சிக்கல் குறைந்திருக்கிறது, ஓங்கரிப்பு எப்போதாவதுதான் வருகிறது.

குழாய் வைத்த பிள்ளைகளின் அப்பா அம்மா யாராவது இதைப் படித்தால், முதலில் உங்கள் மருத்துவரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டுவிடுங்கள். அவர்கள் சரி என்றால் செம்பூருக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அரைப்பதை நேரிலேயே பார்க்கலாம். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா,
செம்பூர், மும்பை