வீட்டு விலை ஏறுகிறது, பள்ளிக்கூடத்தில் காசில்லை

சாக்ரமென்டோ
பிப்ரவரி 2

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று என்று படித்ததும் சந்தோஷம். பெரியவளுக்குப் பள்ளி பிடித்துவிட்டது என்பது அதைவிடச் சந்தோஷம். ஆனால் கடிதத்தில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான்: 16 லட்சம் டாலருக்கு வீடு வாங்கி, வருஷத்துக்கு 16,000 டாலர் சொத்து வரி கட்டுகிற கலிஃபோர்னியா ஊரில் பள்ளி நூலகரை ஏன் வேலையைவிட்டு எடுக்கிறார்கள்?

நீ கட்டும் வரிக்கும் உன் மகளின் வகுப்புக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அதற்கு முன் இருந்த நிலைமையும் லட்சணமாக இல்லை. 1968-69இல் பெவர்லி ஹில்ஸ் ஒரு பிள்ளைக்கு 1,232 டாலர் செலவழித்தது. அதே கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் பால்ட்வின் பார்க்கால் 577 டாலர்தான் முடிந்தது. வரி விகிதமோ தலைகீழ்: 100 டாலர் மதிப்புக்கு பால்ட்வின் பார்க்கில் 5.48 டாலர், பெவர்லி ஹில்ஸில் 2.38. இல்லாத ஊர் இரண்டு மடங்கு விகிதத்தில் வரி கட்டி, பாதிப் பணத்தைக்கூடப் பார்க்கவில்லை. இது செல்லாது என்று 1971இல் செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978 ஜூனில் வாக்கெடுப்பில் வென்ற 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பையும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. உன் தெருவில் 1985இல் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியவர் யாராவது இன்னும் இருந்தால், அவர் கட்டுவது 3,300 டாலர் சுமார்தான். அவரிடம் இதைப் பேசிவிடாதே, நட்பு கெடும்.

அதன்பிறகு பணத்தின் சாவி மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவுக்கு வந்துவிட்டது. 2013இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஆட்சியில் வந்த, பள்ளிப் பணத்தைப் பிரிக்கும் சூத்திரம்தான் இன்றும் ஓடுகிறது; எல்சிஎஃப்எஃப் என்பார்கள். ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு, அதாவது ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு, மொத்தம் இவ்வளவு என்று மாநிலம் முதலில் கணக்குப் போடும். உள்ளூர்ச் சொத்து வரி எவ்வளவு வந்ததோ அதைக் கழித்து, மீதியை மாநிலம் தரும். உன் தெருவில் பத்து வீடு விற்று வரி ஏறினால், மாநிலத்தின் பங்கு அதே அளவு இறங்கும். குடம் அதேதான், எந்தக் குழாயில் நிரம்புகிறது என்பதுதான் மாறும்.

விலக்கு உண்டு. பாலோ ஆல்டோ போன்ற சில இடங்களில் சொத்து வரியே குடத்தைத் தாண்டி வழிகிறது. வழிவதை அவர்களே வைத்துக்கொள்ளலாம். அங்கே பிள்ளைகள் கூடினால் பணம் கூடாது, தலைக்குக் கிடைப்பது குறையும். அங்கிருக்கும் நண்பர்கள் சொல்லும் யோசனை உன் ஊருக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

குடத்தின் அளவை எப்படிப் போடுகிறார்கள் என்று பார். வகுப்பு வாரியாகப் பிள்ளை ஒன்றுக்கு ஓர் அடிப்படைத் தொகை. கணக்குக்காக 10,000 டாலர் என்று வைத்துக்கொள். வறிய குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவர்கள் ஆகியோரை ஒருவரை இரண்டு முறை எண்ணாமல் எண்ணி, அந்தச் சதவீதத்தின் மேல் 20 சதவீதம் கூடுதல். 30 சதவீதம் பேர் அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 600 டாலர் சேரும். 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இன்னொரு 65 சதவீதம். 70 சதவீதம் உள்ள டிஸ்ட்ரிக்டுக்கு 1,400ம் 975ம் சேர்ந்து தலைக்கு 12,375 டாலர் ஆகிவிடும். உன் ஊர் போன்ற நடுத்தர, வசதியான டிஸ்ட்ரிக்டுகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: கூடுதல் தொகையும் பெரிதாக வராது, சொத்து வரியும் வழியாது. ஆனால் ஆசிரியருக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகும் சம்பளம் தர வேண்டும். சூத்திரத்தை நான் குறை சொல்லவில்லை. வறிய பிள்ளைக்கு அதிகம் தருவது சரிதான்; அடிப்படைத் தொகைதான் போதவில்லை.

இன்னொன்று, பணம் வருவது சேர்க்கை எண்ணிக்கைக்கு அல்ல, சராசரித் தினவருகைக்கு. 180 நாளில் பத்து நாள் வராத பிள்ளையால் சுமார் 555 டாலர் போகும். காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தாலும் போகும். விடுப்பு நியாயமா இல்லையா என்று பணம் பார்ப்பதில்லை. செலவோ ஒரு காசு குறையாது, ஆசிரியரும் விளக்கும் பேருந்தும் அப்படியே இருக்கும். 10,000 பேர் படிக்கும் இடத்தில் வருகை ஒரு சதவீதம் ஏறினால் 10 லட்சம் டாலர். நம்மவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வருவது இதில் நேராக இடிக்கும். உங்கள் பள்ளியில் குறுகிய காலத் தனிப்படிப்பு ஒப்பந்தம் உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேள். எழுத்தில் கையெழுத்திட்டு, கொடுத்த பாடத்தை முடித்து ஒப்படைத்தால் அந்த நாட்கள் வருகையில் சேரும். பாடம் முடிக்காமல் திரும்பினால் ஒப்பந்தம் வெறும் காகிதம்.

படிவம் இன்னொரு ஓட்டை. 2022-23 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். "சாப்பாடுதான் கிடைக்கிறதே, எதற்கு வருமானப் படிவம்" என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். தகுதி இருந்தும் பிள்ளை அந்தக் கூடுதல் தொகைக்கான எண்ணிக்கையில் சேராமல் போகிறது. அக்டோபர் முதல் புதன்கிழமைதான் கணக்கெடுப்பு நாள். சதவீதமோ மூன்று வருஷச் சராசரி. ஆகவே ஒரு வருஷம் தவறவிட்டால் மூன்று வருஷம் வலிக்கும். வீட்டு மொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள் என்று பயந்து சிலர் ஆங்கிலம் என்று போடுகிறார்கள். உள்ளதை எழுதச் சொல்.

இனி, கேட்பதை யாரிடம் கேட்பது? டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் கூட்டத்தில் போய் "பணம் கொடுங்கள்" என்று கத்துவது, தபால்காரரிடம் பென்ஷன் தொகையை உயர்த்தச் சொல்வது மாதிரி. போர்டிடம் கேட்க வேண்டியது, இருப்பதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதை. கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாகும். டிசம்பர் 15க்குள்ளும் மார்ச் 15க்குள்ளும் வரும் இடைக்கால நிதி அறிக்கைகளை இறக்கிவை. மூன்று வருஷக் கணிப்புப் பக்கத்தைப் பார். வருஷாவருஷம் வரும் பணத்தையும் ஒருமுறை வந்த பணத்தையும் பிரித்துக் கேள். கோவிட் உதவிப் பணத்தின் கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30க்குள் ஒதுக்கிவிட வேண்டியிருந்தது. அதை நம்பி நிரந்தர ஆள் எடுத்த டிஸ்ட்ரிக்டுகள் இப்போது பள்ளத்தில் நிற்கின்றன. பிறகு, பொதுப் பணத்திலிருந்து சிறப்புக் கல்விக்கு மாற்றும் தொகையைப் பார். மத்திய அரசின் 1975 சிறப்புக் கல்விச் சட்டம், அப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொருவருக்கும் நாட்டின் சராசரித் தலைச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்னது. வாஷிங்டன் அதை ஒருநாளும் எட்டியதில்லை, விழுகிற துண்டைப் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்டே போர்த்த வேண்டியிருக்கிறது. இதற்காகச் சிறப்புக் கல்விக் குடும்பங்களைக் கைகாட்டுகிற பேச்சு எழும். எழுந்தால் நீ உடனே வெட்டு. கடன் வாஷிங்டனுடையது.

நூலகர் விஷயம் அவசரம். அடுத்த வருஷம் வேலை இல்லாமல் போகலாம் என்ற முதல் நோட்டீஸ் மார்ச் 15க்குள் கொடுத்தாக வேண்டும். இறுதி முடிவு மே 15க்குள். அதனால் பேச வேண்டியது இந்த மாதக் கூட்டங்களில். ஏப்ரலில் போய் அழுதால் இரக்கம்தான் கிடைக்கும். எல்கேப் என்கிற, டிஸ்ட்ரிக்ட் தன் பணத்தை எதற்குச் செலவழிக்கும் என்று சொல்லும் திட்டமும் பட்ஜெட்டும் ஜூலை 1க்குள் நிறைவேற வேண்டும். அதற்கு முன் ஒரு கூட்டத்தில் மக்கள் கருத்து, வேறொரு கூட்டத்தில் வாக்கு. பெற்றோர் ஆலோசனைக் குழுவின் கருத்துகளுக்கு டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் எழுத்தில் பதில் தர வேண்டும். மேடையில் இரண்டு நிமிஷம் பேசுவதைவிட அந்தக் குழுவில் ஒரு நாற்காலி மேல்.

தொகையைக் கூட்டச் சொல்ல வேண்டிய இடம் நான் இருக்கும் ஊர். ஜனவரி 10க்குள் ஆளுநரின் வரைவு, மே 14க்குள் திருத்தம், ஜூன் 15க்குள் சட்டமன்றம் நிறைவேற்றும். இடையில் கல்விக்கான பட்ஜெட் துணைக்குழு கூடும். "பள்ளிக்கு உதவுங்கள்" என்று எழுதாதே. அடிப்படைத் தொகையை உயர்த்துங்கள், இன்னொரு தனித்திட்ட மானியம் வேண்டாம் என்று எழுது. 1988இன் 98ஆம் முன்மொழிவு மாநில வருவாயில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் கட்டிவைக்கிறது. அந்த வருவாய் பெரும் பணக்காரர்களின் வருமான வரியை நம்பி இருப்பதால், உங்கள் கம்பெனிப் பங்கு சரிந்தால் பள்ளிக்கும் ஜலதோஷம் பிடிக்கும்.

உள்ளூரிலேயே திரட்ட வழி பார்சல் டாக்ஸ், அதாவது மனைக்கு இவ்வளவு என்று போடும் வரி. பாண்டு என்கிற கடன் பத்திரத்தோடு குழப்பிக்கொள்ளாதே: பாண்டுக்கு 55 சதவீத வாக்கு போதும், ஆனால் அது கட்டடத்துக்கு மட்டும், அதில் நூலகருக்குச் சம்பளம் தர முடியாது. பார்சல் டாக்ஸில் தரலாம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 25,000 மனைக்கு 100 டாலர் வீதம் 25 லட்சம் டாலர். 10,000 பிள்ளைகளுக்குத் தலைக்கு 250. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு விலக்குக் கொடுத்தால் வாக்கு கூடும், வரவு குறையும். தேர்தலுக்கு 88 நாள் முன்பே தீர்மானம் கவுண்டிக்குப் போக வேண்டும். டிஸ்ட்ரிக்ட் தகவல் சொல்லலாம். ஒரு டாலர்கூடப் பிரசாரத்துக்குச் செலவழிக்கக்கூடாது. பள்ளி மின்னஞ்சலில் "ஆம் என்று வாக்களியுங்கள்" என்று ஒரு ஆசிரியர் அனுப்பினாலே வம்பு. வாக்குச்சீட்டில் உள்ள கேள்விக்கு 75 சொல்தான். அதில் "நூலகர்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

மார்ச் அறிக்கை வந்ததும் அந்த மூன்று வருஷப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சேகர்