மிச்சம் ஒன்பது பங்கின் கணக்கு

அன்பு நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் எங்களுக்கு மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட வேண்டும். அவள் தானாகவே விட்டுக்கொள்ளட்டும் என்று இருந்துவிடாதே, நீ பக்கத்தில் உட்கார்ந்து விட்டுவிடு.

இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. சபையில் இந்த வருடமும் பொருளாளர் பொறுப்பை என் தலையில்தான் வைத்திருக்கிறார்கள். காணிக்கையை எண்ணும்போது இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பவுலே எருசலேமுக்குக் காணிக்கை அனுப்பியபோது, ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று ஆட்களைச் சேர்த்துத்தானே அனுப்பினார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஓய்வுபெற்றபோது வந்த பணம் கையில் இருக்கிறது, அதில் எவ்வளவு கர்த்தருக்கு என்று எடுத்துவைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். தசமபாகம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். இத்தனை வருடமாக நானும் அப்படித்தான் இருந்தேன். சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒன்றை எடுத்து உறையில் போட்டுவிடுவேன். அந்த உறையை ஒட்டியதும் மனசு லேசாகிவிடும். மிச்சம் ஒன்பதும் என்னுடையது, அதை எப்படிச் செலவழித்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை என்ற நிம்மதி அது. வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் வாழ்ந்தது அப்படித்தான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு தண்ணீர்க் குழாய்.

பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதம் மகனோடு இருந்துவிட்டு வரப் போனார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது, வருகிற தபாலை எடுத்துவைப்பது, இவ்வளவுதான் வேலை. ஒருநாள் கதவைத் திறந்ததும் டொக் டொக் என்று சத்தம். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட்டேன். கூடவே நின்று வாஷரை மாற்ற வைத்தேன். தேய்ந்துபோன பழைய வாஷரையும் ரசீதையும் ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, அவர் மேஜையில் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவப் போனால் எங்கள் குழாய் சொட்டுகிறது. அது இரண்டு மாதமாகவே சொட்டுகிறது. என் மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று அடியில் ஒரு துணியை மடித்து வைத்திருந்தாள்.

கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் வீடு என்றால் அன்றைக்கே ஆள் வருகிறான். என் வீடு என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று கிடக்கிறது. ‘பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது’ என்று நீயும் நானும் ஞாயிறு பள்ளியில் போட்டி போட்டுக்கொண்டு ஒப்பித்தோமே, அந்த வசனத்தை வைத்துக்கொண்டு எதை நான் என் வீடு, என் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்? ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த இயேசு, நினைத்தால் மறுபடியும் பெருகப்பண்ணக்கூடியவர், ‘ஒன்றும் சேதமாய்ப்போகாதபடிக்கு’ துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள் என்றார். பன்னிரண்டு கூடை. இல்லாமை வந்துவிடும் என்று பயந்து அவர் சொல்லவில்லை. பிதாவின் கையிலிருந்து வந்தது தரையில் கிடக்க அவருக்கு மனசில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நம் வேதாகமத்தில் உக்கிராணக்காரன் என்று இருக்கிறதே, உக்கிராணம் என்றால் பண்டங்களை வைக்கிற அறை. அந்த அறைக்குப் பொறுப்பாக இருக்கிறவன் உக்கிராணக்காரன். கிரேக்கத்தில் அந்தச் சொல் ஒய்கோனொமோஸ், வீட்டை நிர்வகிக்கிறவன். எக்கனாமி என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். லூக்கா 12-இல் எஜமான் ஒருவனை எதற்கு வைக்கிறார் என்று பார். மற்றப் பணிவிடைக்காரருக்கு ஏற்ற காலத்தில் படி கொடுக்க. சாவி அவன் கையில் இருப்பது மற்றவர்கள் சாப்பிடுவதற்காக.

எஜமான் தன் ஊழியக்காரரிடம் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கணக்குக் கேட்கிற தாலந்து உவமையும் இப்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. ஒரு தாலந்து வாங்கினவன் அதை மண்ணில் புதைத்து வைத்திருந்தான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தினாரி. ஒரு தினாரி ஒருநாள் கூலி. அப்படியென்றால் ஒரு கூலியாளின் கிட்டத்தட்ட 20 வருட உழைப்பு அது. ஒன்றே ஒன்று வாங்கினவன் என்று நாம் பரிதாபப்படுகிற அந்த மனுஷன் கையில் இருந்தது அவ்வளவு பெரிய தொகை. அவன் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை. குறையாமல் திருப்பிக் கொடுத்தான். உன்னையும் என்னையும் போன்ற ஜாக்கிரதைக்காரர்கள் பயப்பட வேண்டிய இடம் அதுதான். பத்திரமாக வைத்திருந்தேன் என்பது அங்கே பதிலாக எடுபடவில்லை.

இப்போது உன் பணத்துக்கு வருகிறேன். நீ கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அம்மாவை ராத்திரியில் கவனிக்க ஒரு ஆள் வேண்டும், செலவை யார் ஏற்பது என்று அண்ணன் தம்பிகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. நண்பா, உன் முழுக் கடிதத்திலும் எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிந்தது. கர்த்தருக்கு எவ்வளவு என்று முதல் பக்கத்தில் கேட்கிறாய், அம்மா கடைசிப் பக்கத்தில் இருக்கிறார்கள். மாற்கு 7-ஐ ஒருமுறை எடுத்துப் பார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கடமையிலிருந்து தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார்! நீ அப்படிப்பட்டவன் என்று நான் சொல்லவில்லை. உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் தம்பிகள் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்காதே. முதலில் அந்த ஆளை அமர்த்து. சபைப் பொருளாளராக இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் காணிக்கை ஒரு மாதம் தாமதமாகட்டும். அம்மா ராத்திரியில் தனியாக எழுந்து நடக்கக் கூடாது.

அப்புறம், ‘கொடு, இரட்டிப்பாய்த் திரும்பி வரும்’ என்று ஒருவர் பேசியதைக் கேட்டதாக எழுதியிருந்தாய். அதை நம்பிக் கொடுக்காதே. தாவீது ராஜா ஆலயத்துக்காக அவ்வளவு பொன்னும் வெள்ளியும் கொடுத்துவிட்டு என்ன சொன்னார்? ‘எல்லாம் உம்மால் உண்டானது; உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்.’ எஜமானுடைய பணத்தை எஜமானிடமே கொடுத்துவிட்டு அதற்கு வட்டி கேட்கிற உக்கிராணக்காரன் உண்டா? இந்தப் பேச்சைக் கேட்டுக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தவித்த குடும்பத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டில் இருந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறார். அது வெஸ்லியே என்பார்கள். முதல் வருடம் வருமானம் 30 பவுண்டு, 28-இல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருடம் வருமானம் 60 ஆனது. அப்போதும் 28-இல்தான் வாழ்ந்தார், 32-ஐக் கொடுத்தார். பிறகு 90, அதற்குப் பிறகு 120. வாழ்ந்தது அதே 28-இல். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, மூன்று ஜீவன் உள்ள வீட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் எனக்கு எவ்வளவு போதும் என்று அவர் முதலில் ஒரு கோடு போட்டுக்கொண்டார் பார், அதை நீயும் தங்கச்சியும் உட்கார்ந்து போடலாம். அம்மாவுக்கு, தங்கச்சியின் மருந்துக்கு, வீட்டுக்கு என்று எழுதுங்கள். கோட்டுக்கு மேலே நிற்பது யாருக்கு என்று அப்புறம் ஜெபித்துப் பேசுங்கள். பத்தில் ஒன்றைவிட அது அதிகமாகவே வரும் என்று நினைக்கிறேன்.

நேரத்தைப் பற்றியும் எழுத நினைத்தேன். வேலை போய்விட்ட ஒரு வாலிபன் போன மாதம் ஆராதனை முடிந்ததும் என்னிடம் பேச வந்தான். நான் பேரேட்டை மூடாமலே, ஒரு விரலை வரியில் வைத்துக்கொண்டே கேட்டேன். அவன் அந்த விரலைப் பார்த்தான். ‘பரவாயில்லை ஐயா, அடுத்த வாரம் பேசுகிறேன்’ என்று போய்விட்டான். அதன் பிறகு அவன் என்னிடம் வரவில்லை. இந்த வாரம் நானே அவன் வீட்டுக்குப் போகப்போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்.

பக்கத்து வீட்டுக்காரர் வருகிற சனிக்கிழமை வருகிறார். அதற்குள் செடிகளைக் கத்தரித்துவிட வேண்டும். அம்மாவுக்கு ஆள் கிடைத்ததும் உடனே எழுது, கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது. தங்கச்சிக்குக் கண் தெளிந்ததும் அவள் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல். என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

என்றும் உன் அன்பு நண்பன்