செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26: தெருவாசிகள் நலச் சங்கம், கும்பகோணம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் தெருவாசிகளுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு 6 முறை கூடியது. அதில் ஒரு முறை போதிய ஆள் சேராததால் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம். புதிதாக 3 குடும்பங்கள் உறுப்பினராகச் சேர்ந்தன. கோடையில் நீர்மோர்ப் பந்தல், ஆகஸ்டில் கொடியேற்றம், பொங்கலுக்குத் தெருக்கோலம் எல்லாம் போன வருடம் போலவே நடந்தன. ஐப்பசி மழைக்கு முன்பே வடிகால் தூர் வாரப்பட்டதால் தண்ணீர் தேங்கவில்லை. தெருநாய்களைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசினோம். நாய்கள் அப்படியே இருக்கின்றன.

இனி சொல்லப்போவது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஒரு நாளுக்கு இத்தனை பக்கமா என்று பொருளாளர் கேட்டார். இந்த வருடம் சங்கம் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

ஜூன் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா, எழுந்து சொன்னார்: "அஞ்சாவது வரைக்கும் எண்ணும் எழுத்தும்னு பாட்டு, அட்டை, விளையாட்டு எல்லாம் இருக்கு. பத்தாவது வந்தா சொந்தக்காரங்க எல்லாரும் சேர்ந்து கவலைப்படுறாங்க. நடுவுல ஆறு, ஏழு, எட்டு படிக்கிறதுகளை யாரும் கண்டுக்கிறதில்லை. ஞாயித்துக்கிழமை வந்தா போனோட சரி."

வீட்டிலேயே ஒரு நாள் கற்றல் நாள் வைக்கலாம் என்று அங்கேயே முடிவானது. ஆனால் 'வீட்டிலேயே படிப்பு' என்ற பேச்சை எடுத்ததும் பெற்றோர் பலர் முகம் சுளித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இப்போது ஆறாவது படிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலேயே ஒன்றாம் வகுப்பை முடித்தவர்கள். கல்வித் தொலைக்காட்சியும் அப்பாவின் போனும்தான் அவர்களுக்கு வகுப்பறை. மறுபடியும் அதுவா என்று கேட்டவர்களுக்கு மூன்று உறுதி கொடுத்தோம். போன் கிடையாது, அச்சடித்த பயிற்சித்தாள் கிடையாது, பரிசு கிடையாது.

மூன்றாவதுதான் சண்டையைக் கிளப்பியது. கேடயம் வாங்கித் தருவதாகச் சொன்ன உறுப்பினர் வருத்தப்பட்டார். முதல் பரிசு என்று ஒன்று வைத்தால் வேலையைப் பிள்ளை செய்யாது, பெற்றோர்தான் செய்வார்கள் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்த உறுப்பினர் பெருந்தன்மையாக அன்று மாலைச் சுண்டலின் செலவை ஏற்றுக்கொண்டார். அவருக்கு நன்றி.

என் தப்பு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 8 வரை 11 நிகழ்ச்சிகளோடு ஒரு கால அட்டவணை போட்டுக் கொண்டுபோனேன். நம் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அதை வாங்கிப் பார்த்து, பென்சிலால் ஐந்தை அடித்தார். "பிள்ளைங்க சாப்பிட வேணாமா, சார்?" என்று மட்டும் கேட்டார். மிஞ்சியது ஆறு.

நாளை முடிவு செய்ததும் அவர்தான். ஆகஸ்ட் 24, ஞாயிறு. நம் ஊரில் அன்று உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும், செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழலே விழாது. நிழலில்லா நாள் என்பார்கள். கடக ரேகைக்குத் தெற்கே உள்ள நம்மைப் போன்ற ஊர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை இது வாய்க்கிறது. கடிகாரம் 12 காட்டும்போது நமக்கு உச்சி ஆவதில்லை என்பதே எனக்குப் புதுச் செய்தி. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் அதற்கு மூன்று பாகை மேற்கே இருக்கிறோம். அதனால் நமக்கு அன்று உச்சி ஏறக்குறைய 12.15.

அந்த நாள் வந்தது. 17 வீடுகளில் 22 பிள்ளைகள்.

காலையில் அளவை. ஆழாக்கு, உழக்கு, படி எந்த வீட்டுப் பரணில் இருந்தாலும் இறக்கச் சொல்லியிருந்தோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அப்படியானால் படிக்கு எட்டு ஆழாக்கு. வாய்ப்பாடாகச் சொன்னால் சரி, அரிசியைக் கொட்டி அளந்தால் சரிவரவில்லை. ஆறாவது படிக்கும் பையன் ஏழு ஆழாக்கு போட்டதுமே படி வழிந்துவிட்டது. பாத்திரம் ஓட்டை, படி பொய் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தான். பாட்டி ஊஞ்சலை விட்டு இறங்காமலேயே, "கோபுரமா அளந்தா அப்படித்தான். தலைதட்டி அள" என்றார். விரலால் வழித்துவிட்டு அளந்தபோது எட்டும் சரியாக உட்கார்ந்தது.

அதே பாட்டி ஆழாக்கை "அரைக்கால் படி" என்று சொல்ல, பையன் தன் காலைப் பார்த்துக்கொண்டான். காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஓர் அணா என்பது வீசம் ரூபாய். பின்னக் கணக்கில் மூன்று மாதமாக அடிவாங்கிக்கொண்டிருந்த பையன் இதை நோட்டில் எழுதிக்கொண்டுபோய் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான். எட்டு படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், அப்போது கலத்துக்கு எத்தனை ஆழாக்கு என்று அவனே கணக்குப் போட்டு 768 என்றான். அதற்குள் திண்ணையில் இரண்டு தாத்தாக்கள் "எங்க ஊர் மரக்கால் வேற" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் அளவு மாறினால் நெல் விற்பவன் கதி என்ன, லிட்டரும் கிலோவும் ஏன் வந்தன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அமையாது. 1956-ல் அதற்குச் சட்டம் வந்தது என்பதை ஆசிரியை சேர்த்துச் சொன்னார்.

அடுத்தது மஞ்சள். வெள்ளைத்தாளில் மஞ்சள்பொடியைக் குழைத்துத் தடவிக் காயவைத்து, எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மோர், ஆப்பசோடா, சோப்புத்தண்ணீர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்தார்கள். புளிப்பு எதுவும் நிறத்தை மாற்றவில்லை. சோடாவும் சோப்பும் பட்ட இடம் சிவந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பாவதும் இதே சங்கதிதான் என்று தெரிந்ததும் பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் வியந்தார்கள். வெற்றிலை ஊரில் சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்!

அன்று சாயங்காலம் ஒரு சகோதரி என் வீட்டு வாசலுக்கு வந்து விளக்கம் கேட்டார். மகனின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள்கறை, சோப்பு போட்டதும் ரத்தச்சிவப்பாகிவிட்டதாம். இரண்டு நாள் வெயிலில் காயப்போடுங்கள், மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது என்று சொன்னேன். கறை போய்விட்டது. சகோதரியின் கோபம் போக இன்னும் சில நாள் ஆனது. இனி பழைய சட்டையோடு வரவேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுவோம்.

மின்சார மீட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரணம் கடைசியில் தெரியும். காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் மீட்டரைப் பார்த்துக் குறிக்க வேண்டும், வீட்டிலுள்ள சாதனங்களின் வாட் அளவைத் தேடி எழுத வேண்டும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படிப் பார்த்தால் 75 வாட் மின்விசிறி 13 மணி 20 நிமிடம் ஓடலாம், 9 வாட் எல்இடி பல்பு 111 மணி நேரம் எரியலாம், இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்பது எட்டாவது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வாடகை வீட்டுப் பையன் ஒருவன் தான் எழுதிய கணக்கை எல்லோர் முன்னிலும் வாசித்துவிட்டு, "எங்க வீட்டுல மட்டும் ஏன் முதல் யூனிட்லேருந்தே காசு?" என்று கேட்டான். அவன் வீட்டுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மேலே விவரிக்கப் போவதில்லை. இனி மீட்டர் கணக்கு அவரவர் நோட்டோடு நிற்கட்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. பையன் கேட்டது நல்ல கேள்விதான் என்பதையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்கள்.

உச்சிப்பொழுது. முந்தின ஞாயிற்றிலிருந்தே சிலர் மாடியில் 30 சென்டிமீட்டர் குச்சியை நட்டு அளந்துவந்தார்கள். முதல் நாள் உச்சியில் நிழல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதுவும் தெற்கே விழுந்தது. சூரியன் நமக்கு வடக்கே இருந்தது என்று அதற்குப் பொருள். நாளுக்கு நாள் அது குறுகியது. அன்று 12 மணிக்கு எல்லோரும் மொட்டைமாடியில். ஒரு பிள்ளை எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்திருந்தது. வாய் அகலமான டம்ளருக்கு அடியைச் சுற்றி நிழல் விழத்தான் செய்யும், பவுடர் டப்பாதான் சரி என்று அவர்களே கண்டுபிடித்து மாற்றினார்கள். 12.10-க்கு மேகம் வந்தது. 12.15-க்கும் மேகம். 12.21-க்கு வெயில் அடித்தபோது டப்பாவுக்குக் கிழக்கே கீற்றாக ஒரு நிழல். ஒரு வாரம் அளந்த பெண் அழுதேவிட்டாள்.

சூரியன் ஒரே நாளில் வெகுதூரம் நகர்ந்துவிடாது, மறுநாளும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று ஆசிரியை சொன்னார். திங்கட்கிழமை அவள் டப்பாவைப் பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். கணக்கு ஆசிரியர் வகுப்பையே வெளியே கூட்டிவந்தாராம். நிழல் இல்லை. எங்கள் மாடியில் 22 பேர் பார்க்காததை அங்கே ஒரு வகுப்பே பார்த்தது.

பிற்பகலில் தூக்கம். அது அட்டவணையில் இல்லை, பெரியவர்கள் தூங்கியதால் பிள்ளைகளும் தூங்கினார்கள். எழுந்ததும் பேட்டி. தாத்தா பாட்டியிடம் கேட்டு வீட்டின் வரலாற்றை வருடத்தோடு எழுத வேண்டும். யாருக்கும் வருடம் ஞாபகமில்லை, மகாமகம்தான் ஞாபகம். "போன மகாமகத்துக்கு முந்தின மகாமகத்துல கரண்ட் வந்துது" என்றால் பிள்ளை 2016, 2004 என்று பன்னிரண்டாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தாத்தாவின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி 1960 ஜனவரி 1. அவரோ 1968 மகாமகத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார். எட்டு வயதுப் பையனை அந்தக் கூட்டத்தில் யார் தோளில் தூக்குவார்கள் என்று பேத்தி கேட்க, அட்டை சரியா ஞாபகம் சரியா என்று அந்த வீட்டில் ராத்திரி வரை பேச்சு. ஆதாரங்களை எடைபோடுவது என்று ஏழாம் வகுப்பு சமூக அறிவியலுக்கு நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் சுண்டலோடு கோலம். இடுக்குப் புள்ளிக் கோலத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணாமல் சொல்ல வேண்டும். 3 புள்ளி 2 வரை வைத்தால் மொத்தம் 7. 5 புள்ளி 3 வரை 19. 7 புள்ளி 4 வரை 37. 9 புள்ளி 5 வரை 61. ஒவ்வொரு தடவையும் கூடுவது 12, 18, 24 என்று ஆறாறாக ஏறுவதைப் பலர் பிடித்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தி ஒற்றைப் புள்ளியையும் சேர்த்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். 1, 8, 27, 64, 125. "எல்லாம் கனம்!" என்று அவள் கத்தியது கடைசி வீடு வரை கேட்டது. முப்பது வருடமாக வாசலில் புள்ளி வைக்கும் என் மனைவி சுண்ணக்கட்டியைக் கையில் வாங்கி, 11 புள்ளி 6 வரை வைத்து, எண்ணிக் கூட்டிப் பார்த்தார். 91, கூட்டினால் 216. ஆறின் கனம், அதாவது 6×6×6.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கும் ராமானுஜன் வீட்டை இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. டிசம்பர் 22, அவர் பிறந்தநாளில் கூட்டிப்போக நினைத்தோம். அரையாண்டுத் தேர்வில் மாட்டிக்கொண்டது. ஜனவரியில் ஒரு ஞாயிறு போய்வந்தார்கள்.

செலவு மொத்தம் 640 ரூபாய், சுண்டல் நீங்கலாக. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். மாதந்தோறும் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதந்தோறும் என்றால் மூன்றாவது மாதமே அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும். வருடத்துக்கு இரண்டு போதும். சபை என்ன சொல்கிறதோ அதன்படி.

பரணிலிருந்து பாத்திரம் இறக்கித் தந்த வீடுகளுக்கும், அட்டவணையை அடித்துத் திருத்திய ஆசிரியைக்கும், மாடியைத் திறந்துவிட்ட குடும்பத்துக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த நிழலில்லா நாள் வருகிற ஏப்ரல் 18, சனிக்கிழமை, உச்சிப்பொழுது 12.12 வாக்கில். சித்திரை வெயில், மேகத்துக்கு வாய்ப்புக் குறைவு. 11.45-க்கெல்லாம் மாடிக்கு வந்துவிடுங்கள். செருப்போடு வாருங்கள், தரை சுடும். டம்ளர் வேண்டாம், பவுடர் டப்பா கொண்டுவாருங்கள்.